பால் கூட்டுறவுச் சங்கம் தொடங்க 27 பேர் தயார். எதில் கை வைப்பது முதலில்?

நிபோங்காரன்

வணக்கம். பினாங்கில் நிபோங் தெபாலிலிருந்து சுங்கை பாக்காப் வரைக்கும் மாடு வளர்க்கிறவர்கள் 27 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. எல்லாரிடமும் சேர்த்துக் கறவையில் சுமார் 100 மாடு, நாளுக்கு 650 லிட்டர் பால். இப்போது மூன்று வியாபாரிகள் பட்டிக்கு வந்து எடுக்கிறார்கள். விலை அவர்கள் சொன்னதுதான். "தண்ணி இருக்கு" என்று கழிப்பார்கள், எதை வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. தீவனம் அவரவர் மூட்டைக் கணக்கில் கடையில் வாங்குகிறோம்.

கேள்விகள்:
சங்கமா, செண்டிரியான் பெர்ஹாட் (தனியார்) கம்பெனியா, அல்லது பிபிகே என்ற வட்டார உழவர் அமைப்பில் சேர்ந்தால் போதுமா?
குளிரூட்டும் தொட்டி பழையதாக ஒன்று விலைக்கு வருகிறது, 1,200 லிட்டர். வாங்கலாமா?
இந்த மாதிரிச் சங்கங்கள் எதனால் படுக்கின்றன? அதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

---

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்

ஆள் எண்ணிக்கை பிரச்சினையே இல்லை. முன்பு 50 பேர் வேண்டும். 1993 கூட்டுறவுச் சட்டத்தில் 2021-ல் கொண்டுவந்த திருத்தம் அதை 20 ஆக்கிவிட்டது. உறுப்பினர் மலேசியக் குடிமகனாகவும் 18 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். பட்டியில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எண்ணிக்கைக்காகப் பட்டியலில் எழுதிவிடாதீர்கள்.

ஆனால் 27 பேரில் நிர்வாக வாரியத்துக்குக் குறைந்தது 6 பேர், உள் தணிக்கைக் குழுவுக்குக் குறைந்தது 3 பேர் தேவை. வாரியத்தில் இருப்பவர் தணிக்கையில் உட்கார முடியாது. ஆகக் கணக்குப் புத்தகம் படிக்கத் தெரிந்த, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கத் தயங்காத 9 பேர் உங்களிடம் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அண்ணன் தலைவர், மச்சான் பொருளாளர், தம்பி உள் தணிக்கை என்று அமைத்தால் முதல் தகராறிலேயே முடிந்தது.

பதிவு வேலை எஸ்கேஎம்-இடம், அதாவது சுருஹான்ஜாயா கோப்பராசி மலேசியா என்ற கூட்டுறவு ஆணையத்திடம். பினாங்கு அலுவலகத்தில் முன்விளக்கக் கூட்டத்துக்குப் போங்கள், அமைப்புக் குழு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், துணைவிதிகளையும் தொழில் திட்டத்தையும் எழுதுங்கள், தொடக்கப் பொதுக்கூட்டம் நடத்தித் தீர்மானம் போட்டு விண்ணப்பியுங்கள். துணைவிதிக்கு அவர்களிடமே மாதிரி உண்டு. எல்லாரும் அதில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பால் சங்கத்துக்கு வேண்டிய விதிகள் அந்த மாதிரியில் இருக்காது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

கம்பெனி என்றால் பங்கு எவ்வளவோ அவ்வளவு ஓட்டு. 20 மாடு வைத்திருப்பவர் 2 மாடு வைத்திருப்பவரை ஒரே கூட்டத்தில் ஓரங்கட்டிவிடலாம். சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு. வரியிலும் சலுகை உண்டு: பதிவான முதல் 5 ஆண்டுக்கு வருமான வரி கிடையாது, அதன் பிறகும் உறுப்பினர் நிதி 750,000 ரிங்கிட்டுக்குக் கீழே இருக்கும்வரை கிடையாது. பதிலுக்கு, தணிக்கை முடிந்த நிகர லாபத்தில் குறைந்தது 15% சட்டப்படியான இருப்பு நிதிக்குப் போகும், 2% கூட்டுறவுக் கல்வி நிதிக்கு, 1% மேம்பாட்டு நிதிக்கு. மீதியைத்தான் பிரிக்க முடியும்.

பிபிகே வேறு சட்டம், 1973-இன் பெலாடாங் (உழவர்) அமைப்புச் சட்டம். மேற்பார்வை எல்பிபி, அதாவது உழவர் அமைப்பு வாரியம். உரம், மானியம், பயிற்சி இதற்கெல்லாம் உறுப்பினராக இருப்பது நல்லதுதான், இரண்டிலும் இருக்கலாம். ஆனால் வட்டாரம் முழுவதும் நெல், செம்பனைக்காரர்கள் நிறைந்திருக்கும் இடத்தில் 27 பால்காரர்கள் சொல்லி அவர்கள் பால் தொட்டி வாங்கித் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். ஒரு பேச்சுக்கு லிட்டர் 3 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வாங்குநர் மாதக் கடைசியில் பில் வாங்கி, அதிலிருந்து 30 நாளில் பணம் தருவார். முதல் தேதி ஊற்றிய பாலுக்கு 60-ஆம் நாள் காசு. உறுப்பினரோ 15 நாளுக்கு ஒரு தடவை கேட்பார். அப்படியானால் முதல் காசு கைக்கு வருவதற்குள் சங்கம் 45 நாள் பாலுக்குப் பணம் பட்டுவாடா செய்திருக்க வேண்டும். 650 × 45 = 29,250 லிட்டர், அதாவது 87,750 ரிங்கிட். ஆளுக்கு 500 ரிங்கிட் பங்கு போட்டாலும் உங்களிடம் சேர்வது 13,500. மீதி 74,250 எங்கிருந்து வரும்? படுத்த சங்கங்களில் பாதி இந்த ஒரு வரியில்தான் படுத்திருக்கும். பால் இருக்கும், வாங்க ஆள் இருக்கும், பட்டுவாடா தேதியில் பணம் மட்டும் இருக்காது.

எஸ்கேஎம்-இன் சுழல் நிதிக் கடன் இருக்கிறது, ஆனால் கணக்குக் காட்ட ஒன்றும் இல்லாத புதுச் சங்கம் அதை நம்பி நாள் குறிக்கக் கூடாது. வாங்குநரிடம் விலையைப் பேசுவதற்கு முன்னால் பணம் தரும் நாளைப் பேசுங்கள். லிட்டருக்கு 5 காசு குறைத்துக் கொடுத்து 15 நாள் தவணை வாங்கினால் அது லாபம்.

---

பால்மானி

தொட்டிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், அளவு பற்றியும் கொஞ்சம்.

1,200 லிட்டர் தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்க்காதீர்கள். அது இரண்டு கறவைத் தொட்டியா, நான்கு கறவைத் தொட்டியா என்று தகட்டில் பாருங்கள். நான்கு கறவைக்கு என்று செய்த தொட்டியின் கம்ப்ரசர் ஒரு தடவைக்கு மொத்த அளவில் கால் பங்கை, அதாவது 300 லிட்டரைத்தான் நேரத்துக்குக் குளிராக்கும். உங்கள் காலைப் பால் மட்டுமே 350, 400 வரும். மாட்டிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சூட்டில் வரும் பால் 3 மணி நேரத்துக்குள் 4 டிகிரிக்கு இறங்க வேண்டும். 5, 6 மணி நேரம் இழுத்தால் அதற்குள் கிருமி பெருகிவிடும், அப்புறம் குளிராக்கி என்ன பயன். சாயங்காலப் பாலை ஊற்றும்போது தொட்டிப் பால் 10 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. லோரி தினமும் வந்தால் 1,000 லிட்டர் இரண்டு கறவைத் தொட்டி போதும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை என்றால் 1,500-ல் நான்கு கறவை, அதிலும் காலைப் பால் 375-ஐத் தாண்டாமல் பார்க்க வேண்டும். பழைய தொட்டியில் கிளறும் மோட்டார், வெப்பமானி, அடி வால்வின் ரப்பர் இந்த மூன்றையும் பாருங்கள். அந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி மோந்தாலே பழைய சொந்தக்காரர் எப்படிக் கழுவினார் என்று தெரிந்துவிடும். மூன்று ஃபேஸ் மின்சாரம் கேட்கிற தொட்டியா என்று கேளுங்கள், ஜெனரேட்டர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

அடுத்து, லிட்டரில் அளக்காதீர்கள். கறந்த உடனே நுரை இருக்கும், படியில் அளந்தால் தினமும் சண்டை. தராசில் கிலோவாக எடுத்து 1.03-ஆல் வகுங்கள்.

பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமானி 28 முதல் 32 வரை காட்டினால் சரி என்று எல்லாருக்கும் தெரியும். ஏமாற்றுகிறவருக்கும் தெரியும். தண்ணீர் சேர்த்தால் எண் இறங்கும், ஆடையை எடுத்தால் எண் ஏறும். இரண்டையும் செய்தால் 29 காட்டிக்கொண்டு ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். அதனால் கொழுப்புச் சோதனை இல்லாமல் லாக்டோமானியை மட்டும் நம்பி விலை போடக்கூடாது. சூடான பாலில் எண் குறைவாகக் காட்டும் என்பதையும் மறக்காதீர்கள். பாவம், நேர்மையாக உடனே கொண்டு வருகிறவருக்குத்தான் "தண்ணி" என்ற பட்டம் கிடைக்கும். வெப்பத் திருத்தம் போட வேண்டும்.

கொழுப்பை அளக்கும் கெர்பர் முறைக்குக் கந்தக அமிலம் 10 மில்லி முதலில், அதன் மேல் பால் 10.75 மில்லி சுவரோரமாக மெதுவாக, பிறகு அமைல் ஆல்கஹால் 1 மில்லி. மூடி, துணியில் சுற்றிக் குலுக்கி, நிமிடத்துக்கு 1,100 சுற்றில் 5 நிமிடம், அப்புறம் 65 டிகிரித் தண்ணீரில் வைத்துப் படிக்க வேண்டும். கொழுப்புக்கு அடியில் கறுப்புத் துகள் வந்தால் அமிலம் கடுமை அல்லது பால் சூடு. வெள்ளையாகத் திரிந்து நின்றால் அமிலம் வீரியம் இழந்துவிட்டது. இரண்டு நிலையிலும் வரும் எண்ணை எழுதக் கூடாது, திரும்பச் செய்யுங்கள். மின்னணுக் கருவி வாங்கினால் வேலை சுலபம், ஆனால் புளித்த பாலிலும் காற்றுக் குமிழி உள்ள பாலிலும் அது தப்பாகச் சொல்லும், தினமும் கழுவாவிட்டால் எல்லார் பாலிலும் தப்பாகச் சொல்லும். வாரம் ஒரு தடவை கெர்பரோடு ஒத்துப் பாருங்கள்.

மாதிரி எடுக்கும் முன் 40 லிட்டர் கேனை அடிவரை கலக்கிவிட்டு எடுக்க வேண்டும். மேலாக முகந்தால் ஆடை வரும், கொழுப்பு அதிகமாகக் காட்டும். யார் எடுத்தாலும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

இன்னொரு சோதனை ஒரு நிமிடம் கூட ஆகாது: பாலும் 68% ஆல்கஹாலும் சம அளவு கலந்து பார்ப்பது. துகள் துகளாகத் திரிந்தால் புளிப்பு, மடிநோய் அல்லது சீம்பால். அந்தக் கேனைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

---

தீவன_ராஜூ

பால்மானி அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னாடி ஒரு வேலை இருக்கிறது. பாலில் தொடங்காதீர்கள், தீவனத்தில் தொடங்குங்கள்.

காரணம் எளிது. தீவனத்துக்குத் தொட்டி, சோதனை, வாங்குநர் எதுவும் வேண்டாம். பணம் முன்கூட்டி வசூலாகும், சரக்கு வந்ததும் பிரித்துக்கொள்வீர்கள். 27 பேரும் சொன்ன நாளில் பணம் கட்டுகிறார்களா, கணக்கு எழுதுகிறவர் ஒழுங்கா என்பதெல்லாம் அதிலேயே வெளிச்சமாகிவிடும். தீவனத்துக்குப் பணம் கட்டாதவர் பாலை மட்டும் ஒழுங்காக ஊற்றுவார் என்று நினைக்காதீர்கள்.

100 கறவை மாட்டுக்குத் தலைக்கு 3 கிலோ அடர்தீவனம் என்றால் நாளுக்கு 300 கிலோ, மாதம் 9 டன். 10 டன் லோரி ஒன்று மாதம் ஒரு முறை. செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு மில்லிலிருந்து மொத்தமாக எடுத்தால் மூட்டைக்கூலியும் கடைக்காரர் லாபமும் மிச்சம். 20 டன் எடுத்தால் இன்னும் விலை குறையும் என்று ஆசை காட்டுவார்கள். வேண்டாம். பினாங்கு ஈரத்தில் இரண்டு மாதம் வைத்திருந்தால் எண்ணெய் காறிப்போகும், பூஞ்சை பிடிக்கும். அந்த நஞ்சு பாலிலும் இறங்கும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்கும் சரக்காகப் பாருங்கள். லோரியின் நடுக் குவியலில் கையை விட்டுப் பிடியுங்கள், உள்ளே சூடாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். எடைச்சீட்டில் லோரியின் வெறும் எடையும் இருக்க வேண்டும். தரையில் கொட்டக்கூடாது, பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி.

ஒரு எச்சரிக்கை. 27 பேரில் யாராவது செம்மறி ஆடு வைத்திருந்தால் அவருக்கு இந்தப் பிண்ணாக்கை மாட்டுக் கணக்கில் கொடுக்காதீர்கள். இதில் செம்புச் சத்து அதிகம், மாட்டுக்கு ஒன்றும் செய்யாது, செம்மறி ஈரல் கெட்டுச் செத்துவிடும். சங்கம் கொடுத்த தீவனம் என்று பேர் உங்களுக்குத்தான் வரும்.

டவுஃபூ கழிவு மலிவு, மாடும் விரும்பித் தின்னும், ஆனால் ஒரு நாளுக்கு மேல் நிற்காது. அதைச் சங்கம் வழியாக வாங்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொள்ளட்டும்.

---

லெபோ_அம்பாங்

ராஜூ சொல்வதில் எனக்கு உடன்பாடு. ஆனால் யாராவது கூட்டத்தில் எழுந்து "நம்ம துன் சம்பந்தன் செய்தாரே, நாமும் செய்வோம்" என்று பேசுவார், அதற்கு ஒரு குறிப்பு. அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960-ல் வந்தது வேறு நெருக்கடிக்கு. வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள், தொழிலாளிக்கு வேலையும் லயத்து வீடும் சேர்ந்து போனது. மாதம் 10 ரிங்கிட்டாக 100 ரிங்கிட் பங்கு சேர்த்து, 1961-ல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அங்கே உறுப்பினர் போட்டது சேமிப்பு, சங்கம் வாங்கியது நிலம், நிலத்தை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். உறுப்பினர் தினமும் எதையும் கொண்டுவந்து ஊற்ற வேண்டியதில்லை. உங்கள் சங்கத்தில் உறுப்பினர் ஒவ்வொரு காலையும் ஊற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். அந்த உணர்ச்சி வேண்டும்தான், அந்த அமைப்பு உங்களுக்கு உதவாது.

உங்களுக்கு ஒத்து வருவது அமுல். 1946-ல் குஜராத்தின் கைரா மாவட்டத்தில் அமைந்த அந்தச் சங்கம் 1948-ல் பால் அனுப்பத் தொடங்கியபோது நாளுக்குச் சுமார் 250 லிட்டர்தான், உங்களைவிடக் குறைவு. ஆனால் பம்பாய் அரசின் பால் திட்டம் என்ற பெரிய வாங்குநர் அப்போதே இருந்தார். கற்றுக்கொள்ள வேண்டியது அவர்கள் பணம் பிரித்த விதம். ஊற்றும்போது கொழுப்புக் கணக்கில் விலை, ஆண்டுக் கடைசியில் மிச்சமானது யார் எவ்வளவு பால் ஊற்றினாரோ அந்த விகிதத்தில். பங்குக்கு லாப ஈவு அதிகம் வைத்தால் மாட்டை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கும் காசு போகும், பால் ஊற்றுகிறவர் கடுப்பாவார்.

இன்னொன்று, யாராவது "பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்கலாம், 74,000 ஒரு பிரச்சினையா" என்று சொன்னால் வாயை மூடச் சொல்லுங்கள். 1986-ல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியது வயதானவர்களுக்கு நினைவிருக்கும்.

---

நிபோங்காரன்

எல்லாருக்கும் நன்றி. பழைய தொட்டியின் தகட்டில் நான்கு கறவை என்றுதான் இருக்கிறது. விட்டுவிடுகிறோம்.

இரண்டு சந்தேகம். வியாபாரிகள் முன்பணம் கொடுக்கிறார்கள். தீபாவளிக்கு, பள்ளி திறக்கும்போது, மாடு வாங்க. பாதிப் பேர் கடனில் இருக்கிறார்கள். சங்கமும் கொடுக்க வேண்டுமா? இரண்டாவது, சங்கத்துக்கு லிட்டருக்கு 10 காசு பிடித்தால் செலவுக்குக் கட்டுமா?

---

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்

10 காசு: 650 லிட்டருக்கு நாளுக்கு 65 ரிங்கிட், மாதம் 1,950. ஒரு ஆள் வைத்தால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700, அதோடு முதலாளி பங்காக இபிஎஃப் சேமநிதிக்கு 13% என்று 221, சொக்சோ, இஐஎஸ் காப்புறுதிகளும் சேர்த்தால் 1,950-ஐத் தொட்டுவிடும். ஆக 10 காசு ஒரு ஆளுக்கே சரி. மின்சாரம், டீசல், அமிலம், கழுவும் மருந்து, தணிக்கைக் கட்டணம் இவற்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. 25 காசு என்றால் மாதம் 4,875. அதில் ஓட்டலாம். அதற்கு மேல் 5 காசு பங்குக் கணக்கில் பிடியுங்கள், அது உறுப்பினரின் சொந்தப் பணமாகவே நிற்கும், ஆண்டுக்கு 11,700 சேரும். இந்த 30 காசு போக வியாபாரி விலையைவிட உறுப்பினர் கையில் அதிகம் கிடைக்குமா என்று பதிவுக்கு முன்னாலேயே போட்டுப் பாருங்கள். கிடைக்காது என்று வந்தால் தீவனச் சங்கமாகவே இருந்துவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

முன்பணம்தான் வியாபாரியின் உண்மையான பிடி. விலை குறைவு என்று தெரிந்தும் ஏன் அவருக்கே ஊற்றுகிறார்கள்? நடு இரவில் மாடு கன்று போட முடியாமல் தவித்தால் போன் போட்டவுடன் 500 ரிங்கிட் தருகிறவர் அவர்தான். சங்கம் அதற்கு ஒரு வழி வைக்காவிட்டால் நல்ல விலை கொடுத்தாலும் பால் வராது. கடன் கொடுக்கும் சங்கமாக மாறவும் வேண்டாம். ஏற்கெனவே ஊற்றி இன்னும் பட்டுவாடா ஆகாத பாலின் மதிப்பில் பாதி வரை மட்டும் முன்பணம். அது கடன் இல்லை, அவருடைய காசுதான். இதற்கு 5,000 ரிங்கிட் தனியாக ஒதுக்கி, இரண்டு பேர் கையெழுத்தில் அன்றைக்கே கொடுக்கும்படி வையுங்கள். வியாபாரியிடம் பழைய கடன் உள்ளவர்கள் முதலில் அதை அடைக்க ஒரு காலக்கெடு எழுதி வாங்கிவிட்டு, அதுவரை பாதிப் பால் அங்கே, பாதி இங்கே என்று அனுமதியுங்கள். மொத்தமாக வெட்டச் சொன்னால் அவர் உங்களிடம் வரமாட்டார்.

---

பால்மானி

தைப்பூசத்தை யாரும் சொல்லவில்லையே. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிற வாரம் தனியாரிடம் என்ன விலை கேட்டாலும் கொடுப்பார்கள். அந்த மூன்று நாள் உங்கள் தொட்டி காலியாகக் கிடக்கும், தொழிற்சாலைக்காரர் ஒப்பந்தத்தைக் காட்டுவார். பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமிக்கும் இதே கதைதான். தடுக்க முடியாது, அதனால் சங்கமே கோயில் ஆர்டரை எடுக்க வேண்டும், வாங்குநரின் ஒப்பந்தத்தில் அந்த நாட்களுக்கு அளவைக் குறைத்து முன்பே எழுத வேண்டும். கூடுதல் விலையை அந்த வாரம் ஊற்றியவர்களுக்கே கொடுத்துவிடுங்கள்.

மடியில் ஊசி மருந்து ஏற்றிய மாட்டின் பால் ஒரு கேன் போதும், தொட்டி முழுவதும் போகும். மருந்துப் பெட்டியில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள் தனியாகக் கறந்து கொட்ட வேண்டும். கொட்டுகிற பாலுக்குச் சங்கம் பாதி விலை கொடுத்தால் மறைக்க மாட்டார்கள். தண்டனை மட்டும் வைத்தால் மறைப்பார்கள்.

ஒவ்வொருவர் மாதிரியிலும் ஒரு சின்னப் புட்டி எண் போட்டு, தொட்டிப் பாலை வாங்குநர் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லும்வரை குளிர்ப்பெட்டியில் வைத்திருங்கள். லோரி திரும்பி வந்தால் 27 புட்டியையும் திறந்து பார்த்தால் போதும்.

---

தீவன_ராஜூ

நிலம் யாருடையது? 27 பேரில் எத்தனை பேர் சொந்த நிலத்தில் அல்லது எழுத்தில் உள்ள குத்தகையில் மாடு கட்டியிருக்கிறார்கள்? தோட்டத்து ஓரம், ஆற்றோரம் என்று இருப்பவர்களுக்குப் பட்டியைப் பதிவு செய்வது கஷ்டம், பெரிய வாங்குநர் பதிவுள்ள பட்டிப் பாலைத்தான் எடுப்பார். காசநோய், கருச்சிதைவு நோய்ப் பரிசோதனைக்கும் மாவட்டக் கால்நடைத் துறை பட்டியின் விவரம் கேட்கும். சாணம் ஆற்றில் கலக்கிறது என்று ஒரு புகார் போனால் அந்த ஒருவருக்கு மட்டும் நோட்டீஸ் வராது, சங்கத்தின் பெயரும் சேரும். இந்தப் பட்டியலை முதல் கூட்டத்துக்கு முன் எடுத்துவிடுங்கள்.

---

கணக்கர்_பிரிக்பீல்ட்ஸ்

துணைவிதியில் சேர்க்க நான் எழுதித் தருவது இது, வார்த்தையை எஸ்கேஎம் அதிகாரியிடம் காட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள்:

"உறுப்பினர் தம் வீட்டுத் தேவைக்கும் சங்கம் எழுத்தில் அனுமதித்த விற்பனைக்கும் போக மீதிப் பாலைச் சங்கத்திடமே கொடுப்பார். தொடர்ந்து 30 நாள் பால் கொடுக்காதவருக்கு, மாடு கறவை வற்றிய நிலையிலோ நோயிலோ இருந்தாலன்றி, அவ்வாண்டின் பால் அளவுப் பங்கீடு கிடையாது. எடை, கொழுப்பு, லாக்டோமானி அளவு மூன்றும் அன்றன்றே உறுப்பினரின் அட்டையில் எழுதப்படும். ஆட்சேபம் இருந்தால் அன்று மாலைக்குள், வைத்திருக்கும் மாதிரியில் அவர் முன்னிலையில் மறுசோதனை செய்யப்படும். தீவனத்துக்கும் முன்பணத்துக்கும் சேர்த்து ஒரு பட்டுவாடாவில் பிடிக்கும் தொகை அப்பட்டுவாடாவில் பாதியைத் தாண்டாது."